பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட ஒரு குருவின் கதை

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கரீபியக் கடலில் உள்ள ஹிஸ்பனியோலா தீவில், ஒரு கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக இன்னொரு குருவிடம் போனார். மற்றவர் டொமினிக்கன் சபைத் துறவி. அவர் வந்தவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க மறுத்துவிட்டார். அந்தத் தீவின் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தன்னால் பாவமன்னிப்பு வழங்க முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். வந்தவர் வாதாடிப் பார்த்தார். துறவி அசையவில்லை. வந்தவர் திரும்பிப் போனார். ஆனால், தன்னிடம் இருந்தவர்களை விடுவிக்கவில்லை.

திரும்பிப் போனவரின் பெயர் பார்த்தலோமே டி லாஸ் காசாஸ். அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்காகக் குரல்கொடுத்தவர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அந்த அறிமுகம் சரியானதுதான். ஆனால், எனக்கு அவரது வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பாவமன்னிப்பு மறுக்கப்பட்ட ஒரு மனிதர், பின்னாளில் ஆயராகி, அதே காரணத்துக்காக மற்றவர்களுக்கு அதை மறுத்தார். கடவுளுக்கு முன்னால் நேர்மையாக இருப்பது என்றால் என்ன என்ற கேள்வி, அவருடைய நீண்ட வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

லாஸ் காசாஸ் 1484இல் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வியாபாரி. கொலம்பஸ் 1493இல் இரண்டாவது தடவை கடல் கடந்தபோது தந்தையும் அதே பயணத்தில் போனார். திரும்பி வரும்போது ஒரு தைனோ இளைஞனை அடிமையாகக் கொண்டுவந்து மகனிடம் கொடுத்தார். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பும்படி 1500இல் அரசி இசபெல்லா உத்தரவிட்டார். அந்த இளைஞன் போய்விட்டான். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1502இல், புதிய ஆளுநரின் கப்பல்களோடு லாஸ் காசாஸும் ஹிஸ்பனியோலாவுக்குப் போனார். இன்றைய ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் சேர்ந்ததுதான் அந்தத் தீவு. போனது மறைபரப்புக்காக அல்ல. மற்றவர்களைப் போலவே நிலமும் பொன்னும் தேடித்தான் போனார். சில ஆண்டுகளில் குருவாகவும் அபிஷேகம் பெற்றார். குருவானதால் அவரது வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. பண்ணை இருந்தது, அதில் வேலைசெய்யத் தைனோ மக்களும் இருந்தார்கள்.

அந்த வேலைமுறைக்கு என்கொமியெண்டா என்று பெயர். ஒவ்வொரு ஸ்பானியக் குடியேறிக்கும் இத்தனை பூர்வகுடிகள் என்று ஆளுநர் பங்கிட்டுக் கொடுப்பார். குடியேறி அவர்களைப் பாதுகாத்து, கிறிஸ்தவ மறையைக் கற்பிக்க வேண்டும். அவர்கள் பதிலுக்கு உழைப்பைக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் அவர்கள் அடிமைகள் அல்ல. நடைமுறையில் பொன் சுரங்கங்களிலும் வயல்களிலும் செத்து விழுந்தார்கள். சட்டத்தின் மொழி ஒன்றாகவும் நிலத்தில் நடப்பது வேறொன்றாகவும் இருப்பது நமக்குப் புதிதல்ல.

1510இல் டொமினிக்கன் துறவிகள் அந்தத் தீவுக்கு வந்தார்கள். 1511 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறு, அவர்களில் ஒருவரான அன்டோனியோ டி மொன்டெசினோஸ் பிரசங்க மேடையில் ஏறினார். ஆளுநரும் அதிகாரிகளும் முன்வரிசையில் இருந்தார்கள். இந்த மக்களை எந்த உரிமையோடு இப்படி வதைக்கிறீர்கள் என்று அவர்களைப் பார்த்தே கேட்டார். அன்றே அதிகாரிகள் துறவிகளின் வீட்டுக்குப் போய், அடுத்த ஞாயிறு சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும் என்று மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறும் அவரே ஏறினார். வாபஸ் வாங்கவில்லை. மாறாக, இனிமேல் உங்களுடைய பாவசங்கீர்த்தனங்களை நாங்கள் கேட்கமாட்டோம், வழிப்பறிக் கொள்ளையருக்கு எப்படி மன்னிப்பு இல்லையோ அப்படியே உங்களுக்கும் இல்லை என்ற பொருளில் அறிவித்தார். லாஸ் காசாஸிடம் பாவசங்கீர்த்தனம் கேட்க மறுத்த துறவியும் இந்தச் சபையைச் சேர்ந்தவரே.

இது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை இன்று விளங்கிக்கொள்வது கடினம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, உயிர்ப்புக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்பது 1215ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கத்திலிருந்து திருச்சபையின் கட்டளை. மன்னிப்புப் பெறாமல் செத்தால் நரகம் என்று அந்த மனிதர்கள் உண்மையாகவே நம்பினார்கள். துறவிகளிடம் வாளும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அவர்களிடம் இருந்த ஒரே பலம், சரி, போய் வா, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று சொல்லாமல் இருப்பது மட்டும்தான்.

லாஸ் காசாஸின் மனம் அப்போதும் மாறவில்லை. 1513இல் கியூபாவைக் கைப்பற்றப் போன படையோடு குருவாகச் சென்றார். கவோனாவோ என்ற கிராமத்தில் மக்கள் மீனும் மரவள்ளி அப்பமும் கொண்டுவந்து படையினருக்குக் கொடுத்தார்கள். ஊர் முற்றத்தில் குந்தியிருந்து, குதிரைகளை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலைதான் படையினர் வற்றிய ஆற்றுப் படுகையின் கற்களில் தங்கள் வாள்களைத் தீட்டியிருந்தார்கள். திடீரென்று ஒருவன் வாளை உருவினான். பின்னர் எல்லோரும் உருவினார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் என்று பார்க்காமல் வெட்டினார்கள். லாஸ் காசாஸ் அங்கே நின்றார். தடுக்க முயன்றார், முடியவில்லை. படைத்தலைவனைத் திட்டிவிட்டு அங்கிருந்து விலகினார்.

இவ்வளவையும் கண்ணால் கண்ட பின்னரும், ஆளுநர் வெலாஸ்க்வெஸ் கியூபாவில் கொடுத்த நிலத்தையும் மக்களையும் அவர் வாங்கிக்கொண்டார். பேத்ரோ டி ரென்தேரியா என்ற நண்பரோடு சேர்ந்து பண்ணை நடத்தினார். தான் நல்ல எசமான் என்று நினைத்தார். அடிக்காத, பட்டினி போடாத எசமான். தன்னை நல்லவன் என்று நம்பும் மனிதனுக்குத் தன் பாவத்தைக் காண்பது மிகக் கடினம். மொன்டெசினோஸின் பிரசங்கமும் கவோனாவோவின் இரத்தமும் உடைக்காத சுவர் அது.

அதை உடைத்தது ஒரு வாசகம். 1514இல் பெந்தகோஸ்துத் திருநாளுக்காகப் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்தபோது, சீராக்கின் ஞானம் என்ற நூலின் 34ஆம் அதிகாரத்தை அவர் வாசித்தார். பறித்த பொருளில் செலுத்தப்படும் பலியைக் கடவுள் ஏற்பதில்லை, உழைப்பவனின் கூலியைப் பிடுங்குவது கொலைக்குச் சமம் என்பது அந்தப் பகுதியின் சாரம். தான் பீடத்தில் வைக்கும் அப்பமும் இரசமும் யாருடைய உழைப்பில் வந்தவை என்ற கேள்வியை அவரால் அதற்குமேல் தவிர்க்க முடியவில்லை. சில நாட்கள் யோசித்தார். தன்னிடம் ஒரு பூர்வகுடி இருக்கும்வரை, தான் எதைப் பிரசங்கித்தாலும் அது பொய் என்று முடிவுக்கு வந்தார்.

ஆளுநரிடம் போய்த் தன் மக்களை விட்டுவிடுவதாகச் சொன்னார். யமேக்காவுக்குப் போயிருந்த நண்பர் ரென்தேரியா திரும்பும்வரை அதை இரகசியமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆனால், ஆகஸ்ட் 15ஆம் திகதி, நம்மவர்கள் மடு மாதாவிடம் கூடும் அதே விண்ணேற்புத் திருநாளில், சங்தி ஸ்பிரிதுஸ் என்ற ஊரில் பிரசங்கிக்கும்போது அவரால் அடக்க முடியவில்லை. எல்லோர் முன்னிலையிலும் தான் செய்ததைச் சொன்னார். அங்கிருந்தவர்களும் அதையே செய்யவேண்டும் என்றார். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. அவர் கைவிட்ட மக்கள் விடுதலை பெறவில்லை. ஆளுநர் அவர்களை வேறொருவருக்குக் கொடுப்பார், அங்கே அவர்கள் வேலையில் செத்துப்போவார்கள் என்பது லாஸ் காசாஸுக்கு முன்னரே தெரியும். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் மனச்சாட்சியைச் சுத்தமாக்கிக்கொள்வதும், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதும் ஒன்றல்ல. மிச்சமிருந்த ஐம்பது ஆண்டுகளும் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்ணையை விற்ற காசில் 1515இல் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். அரசர் பெர்டினாண்டைச் சந்தித்தார். சில வாரங்களில் அரசர் இறந்துபோனார். 1516இல் பூர்வகுடிகளின் பாதுகாவலர் என்ற பதவி கிடைத்தது. பின்னர், இன்றைய வெனிசுவேலாவின் கரையில் ஆயுதமில்லாத குடியேற்றம் ஒன்றை அமைக்க முயன்று படுதோல்வி அடைந்தார். 1522இல், தன் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க மறுத்த அதே டொமினிக்கன் சபையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் மடத்துக்குள் இருந்து படித்தார், எழுதினார். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் வெளியிட்ட புதிய சட்டங்களுக்குப் பின்னால் இருந்த முக்கியமான குரல்களில் ஒன்று அவருடையது. பூர்வகுடிகளை இனிமேல் அடிமையாக்கக் கூடாது, என்கொமியெண்டாவைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றக் கூடாது என்று அந்தச் சட்டங்கள் சொல்லின. குடியேறிகள் கொந்தளித்தார்கள். 1545இல் பரம்பரை உரிமை பற்றிய பிரிவை அரசே நீக்கிவிட்டது.

அந்த ஆண்டுதான் அவர் இன்றைய தென்மெக்சிக்கோவில் உள்ள சியாப்பாஸ் மறைமாவட்டத்துக்கு ஆயராக வந்து சேர்ந்தார். தவக்காலம். ஊரே பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆயர் ஓர் உத்தரவு போட்டார். அடிமைகளை வைத்திருப்பவர்களுக்கு, அவர்களை விடுவிக்கும்வரை பாவமன்னிப்பு இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் அனுமதியை ஓரிருவரைத் தவிர மற்றக் குருக்களிடமிருந்து எடுத்துவிட்டார். அப்படியும் தலைமைக் குரு ஒருவர் அடிமை வைத்திருந்த சிலருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். அவரைக் கைதுசெய்ய ஆயர் ஆளனுப்பியபோது ஊர் ஆயுதங்களோடு திரண்டது. ஆயரின் வீட்டுக்குள் புகுந்து அவரை மிரட்டினார்கள். அடுத்த ஆண்டே அவர் அந்த ஊரை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வரவேயில்லை.

போகும் வழியில், மெக்சிக்கோ நகரில் 1546இல் ஆயர்கள் கூடினார்கள். அந்தக் காலத்தில்தான் தன் மறைமாவட்டக் குருக்களுக்காகப் பன்னிரண்டு விதிகள் கொண்ட ஒரு சிறு கைநூலை அவர் எழுதினார். படையெடுத்தவர், என்கொமியெண்டா வைத்திருப்பவர், அடிமை வைத்திருப்பவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் குரு என்ன செய்யவேண்டும் என்பதுதான் பொருள். முதலில் எழுத்தரை அழைக்க வேண்டும். சாட்சிகளோடு ஒரு பத்திரம் எழுதப்பட வேண்டும். வந்தவர் தன் சொத்து முழுவதையும், அநியாயமாய் வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரத்தோடு, குருவின் கையில் ஒப்படைக்க வேண்டும். அடிமைகளை அந்தக் கணமே விடுவிக்க வேண்டும். யாரிடமிருந்து பறித்தாரோ அவருக்கு, அவர் உயிரோடு இல்லையென்றால் வாரிசுகளுக்கு, வாரிசும் இல்லையென்றால் அந்த ஊருக்கு, பொருள் திரும்பிச் சேரவேண்டும். படையெடுப்புகளுக்கு ஆயுதம் விற்ற வியாபாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. இவ்வளவும் முடிந்த பின்னர்தான் பாவசங்கீர்த்தனம். சாகக் கிடப்பவருக்கும் விதி இதுதான்.

வாசிக்கும்போது கடுமையாகத் தோன்றும். ஆனால், இதில் புதிதாக எதுவும் இல்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் தேவை என்று முதல்நன்மை வகுப்பில் நானும் பாடமாக்கினேன். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, அதற்காக மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, பரிகாரம் செய்வது. ஐந்தாவது காரியம் நடைமுறையில் மூன்று அருள்நிறை மந்திரமாகச் சுருங்கிப்போனது. திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டுக்கு மன்னிப்புக் கேட்க முடியாது என்ற பழைய போதனையை லாஸ் காசாஸ் ஒரு கோழித் திருடனுக்கு மட்டுமன்றி, ஒரு பேரரசுக்கும் பொருத்தினார். அதுதான் பிரச்சினையானது.

அந்தக் கைநூல் அரச துரோகம் என்றார்கள். படையெடுப்பு முழுவதும் அநியாயம் என்றால், அரசருக்கே அந்த நாடுகளில் உரிமை இல்லை என்றல்லவா ஆகிறது? 1548இல் அதன் பிரதிகளைத் திரட்டிப் பறிமுதல் செய்யும்படி அரசாணை வந்தது. 1550, 1551ஆம் ஆண்டுகளில் வல்லதோலித் நகரில் செபுல்வேதா என்ற அறிஞரோடு அவர் நடத்திய புகழ்பெற்ற விவாதத்தின் பின்னணியில் இந்த நூலும் இருந்தது. 1552இல் அவர் அதைச் செவில் நகரில் அச்சிட்டே விட்டார். அதன் தாக்கம் சிறிதாயினும் உண்மையானது. பெருவில் முதுமையடைந்த சில படைவீரர்கள் தங்கள் உயில்களில் பூர்வகுடிகளுக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதிவைத்தார்கள். பெரும்பாலானவர்கள் எழுதவில்லை.

அதே ஆண்டில் அவர் அச்சிட்ட இன்னொரு நூல், ஸ்பானியர்களின் கொடூரங்களைப் பட்டியலிடும் சிறு அறிக்கை. அதில் வரும் எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். ஸ்பெயினின் எதிரிகளான ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். ஸ்பானியர் எவ்வளவு கொடியவர்கள் என்று காட்டினார்கள். அதே ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள், ஆங்கிலேயரும் பின்னால் வந்தார்கள். மற்றவனுடைய பாவ அறிக்கையைத் தன் ஆயுதமாக்குவது சுலபம். தன்னுடையதை எழுதுவதுதான் கடினம்.

லாஸ் காசாஸுக்கும் அந்தக் கடினமான வேளை வந்தது. 1516இலும் அதன் பின்னரும், பூர்வகுடிகளைக் காப்பாற்றும் வழியாக, அவர்களுக்குப் பதிலாக ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று அவர் அரசுக்கு ஆலோசனை சொல்லியிருந்தார். 1518இல் நாலாயிரம் ஆபிரிக்கர்களைக் கொண்டுபோகும் உரிமத்தை அரசர் வழங்கினார். ஆபிரிக்க அடிமைகள் அவருக்கு முன்னரே அங்கே இருந்தார்கள், அந்த வியாபாரத்தை அவர் தொடக்கவில்லை. ஆனால், அந்த ஆலோசனை அவருடையது. ஒரு மக்கள்கூட்டத்தின் கண்ணீருக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதர், இன்னொரு மக்கள்கூட்டத்தின் கண்ணீரைக் காணவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர், ஆபிரிக்கக் கரைகளில் போர்த்துக்கேயர் மக்களை எப்படிப் பிடித்தார்கள் என்று அறிந்தபோது அவருக்கு உறைத்தது. தான் எழுதிக்கொண்டிருந்த இந்தியத் தீவுகளின் வரலாறு என்ற பெருநூலில் அதைப் பதிவு செய்தார். அந்த நூலில் அவர் தன்னைப் பெயர் சொல்லிப் படர்க்கையில்தான் குறிப்பிடுவார். அப்படியே, அந்தக் குரு கொடுத்த ஆலோசனை அநியாயமானது, ஆபிரிக்கரை அடிமையாக்கியதும் பூர்வகுடிகளை அடிமையாக்கியதும் ஒரே அளவான அநீதி என்று எழுதினார். தெரியாமல் செய்தேன், நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது கடவுளின் தீர்ப்புக்கு முன்னால் தன்னைக் காப்பாற்றுமா என்பதில் தனக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார். குடியேறிகள் சொன்ன சாட்டுக்களை ஏற்காதவர், தன் சாட்டையும் ஏற்கவில்லை. தன் இறப்புக்குப் பின்னரும் நீண்டகாலம் அந்த நூல் வெளிவரக் கூடாது என்று 1559இல் கேட்டுக்கொண்டார். அது முழுமையாக அச்சேறியது 1875இல்தான்.

இந்த வாழ்க்கையை இன்று நமக்காக எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு சொல். பாவசங்கீர்த்தனத்தை இப்போது திருச்சபை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறது. யுத்தம் முடிந்த பின்னர் அரசு நம்மிடம் சொன்ன நல்லிணக்கம் என்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். 2010இல் ஓர் ஆணைக்குழுவே அந்தப் பெயரில் வந்தது. மக்கள் வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். அப்படி வரிசையில் நின்றவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். பாவசங்கீர்த்தனத்தில் பேசவேண்டியவர் தவறு செய்தவர். இங்கே அது தலைகீழானது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது, தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற உண்மையை. காணிக்காகப் போராடியவர்கள் கேட்டது தங்கள் காணியை. ஐந்தாவது காரியம் இல்லாமல் மன்னிப்பு இல்லை என்ற லாஸ் காசாஸின் விதியையே, அவரை அறியாமல், அவர்கள் கேட்டார்கள். மறப்போம், மன்னிப்போம் என்று அவர்களுக்குச் சொல்லும் உரிமை, எதையும் இழக்காத எவருக்கும் இல்லை.

ஆனால், லாஸ் காசாஸின் வாழ்க்கை அத்தோடு நம்மை விட்டுவிடாது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, நம்மில் எத்தனை பேர் அதை நமது கதையின் ஒரு பகுதியாகப் பார்த்தோம்? நமது துயரம் உண்மையானது. அது உண்மையானது என்பதாலேயே, நம் பெயரால் மற்றவருக்கு நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. நமக்கு நியாயம் கேட்கும் உரிமையை அந்தக் கேள்வி குறைப்பதுமில்லை. தன் தவறை எழுதியதால் லாஸ் காசாஸின் குரல் தாழவில்லை. அதன் பின்னர்தான் அதற்கு முழு எடை வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எண்பது வயதைக் கடந்த பின்னரும் அவர் ஓயவில்லை. 1566இல், வாழ்வின் கடைசி மாதங்களில், பாப்பரசர் ஐந்தாம் பியஸுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். பூர்வகுடிகள் மீதான போர்களை நியாயப்படுத்துவோரைத் திருச்சபை கண்டிக்கவேண்டும் என்பது அதன் கோரிக்கை. அந்த ஆண்டு ஜூலை 18ஆம் திகதி, மட்ரிட் நகரின் அதோச்சா மடத்தில் இறந்தார். என்கொமியெண்டா அப்போதும் நடைமுறையில் இருந்தது. ஆபிரிக்க அடிமைக் கப்பல்கள் இன்னும் மூன்று நூற்றாண்டுகள் ஓடவிருந்தன.